பாமரத் தமிழில் ஒப்பந்தம்: ஒரு செயலியோடு நான்கு மாதம்

என் கையெழுத்துக்கு வந்த ஒப்பந்தம் ஒன்றில் "மே நாட்" என்று ஒரு வரி. எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வேலையை வேறு ஆளுக்குக் கைமாற்றக் கூடாது என்பதுதான் அதன் சாரம். செயலி அதைத் தமிழில் "கைமாற்றாமல் இருக்கலாம்" என்று எழுதிக் காட்டியது. இலக்கணப் பிழை இல்லை, ஒற்றுப்பிழைகூட இல்லை. தடை போய் உங்கள் இஷ்டம் என்றாகிவிட்டது, அவ்வளவுதான்.

செயலியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அடிக்கடி புதிய பதிப்பு வருகிறது, இன்று நான் திட்டுவது அடுத்த மாதம் இருக்காமல் போகலாம். தவிர இந்த வகைச் செயலிகள் எல்லாமே ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். ஆங்கில ஒப்பந்தம், நோட்டீஸ், தீர்ப்பு எதையாவது ஒட்டினாலோ படம் எடுத்துப் போட்டாலோ இடப்பக்கம் மூலமும் வலப்பக்கம் எளிய தமிழும் வரும், ஆபத்தான வரிகளுக்குச் சிவப்பு அடிக்கோடு விழும், கீழே கேள்வி கேட்க ஒரு பெட்டி இருக்கும். தமிழில் எழுதியதை ஆங்கிலமாக்கவும் செய்யும். நான் வக்கீல் இல்லை, மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன். சட்டத் தாள்களை நாள் முழுக்கப் பார்க்கிற பழக்கத்தில், இது என் வேலையைக் குறைக்குமா அல்லது என் பிழைப்பையே குறைக்குமா என்று பார்க்கத்தான் சந்தா கட்டினேன்.

இது நான் முயன்ற மூன்றாவது செயலி. முதல் இரண்டையும் ஒரே வாரத்தில் தூக்கிப் போட்டேன். ஒன்று "கன்சிடரேஷன்" வந்த இடமெல்லாம் "பரிசீலனை" என்றது. ஒப்பந்தச் சட்டத்தில் அது ஒரு வாக்குறுதிக்குப் பதிலாகக் கிடைக்கிற மறுபயன். இன்னொன்று, ஆவணத்தைக் கையெழுத்திட்டு முடித்த நாளைக் குறிக்கும் "எக்ஸிக்யூஷன்" தேதியை மரண தண்டனை நிறைவேற்றிய தேதி ஆக்கியது. ஒப்பந்தத் தரப்பைக் குறிக்கும் "பார்ட்டி" என்பதற்கு விருந்து என்று போடவில்லையே என்று சந்தோஷப்பட்டு இரண்டு பக்கம் தள்ளினால், கட்சி என்று போட்டிருந்தது. ஆனால் ஒன்று, அப்படிப்பட்ட பிழை யாரையும் ஏமாற்றாது. படித்ததும் சிரித்துவிட்டு மூலத்தைப் பார்ப்போம். இந்த மூன்றாவது செயலி அந்த ரகம் இல்லை, தமிழ் சுத்தமாக ஓடுகிறது, அதனால்தான் இதன் தவறுகளைக் கண்டுபிடிக்க எனக்கே நாலைந்து நாள் பிடித்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிஜமாகவே இருக்கிறது. ஒரு பக்கம் முழுக்க நீளும் ஒற்றை வாக்கியத்தை ஐந்தாறாக உடைத்து, யார் செய்ய வேண்டும், எப்போது, செய்யாவிட்டால் என்ன என்று வரிசைப்படுத்துகிறது. "பிரிவு 7.3க்கு உட்பட்டு" என்று வந்தால் அந்தப் பிரிவை அங்கேயே திறந்து காட்டுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. ஆங்கில ஒப்பந்தத்தில் வரையறுத்த சொற்களைப் பெரிய எழுத்தில் தொடங்குவார்கள். பெரிய எழுத்து "சர்வீசஸ்" என்றால் முதல் பக்கத்தில் வரையறுத்த சேவை, சின்ன எழுத்து என்றால் பொதுவான சேவை. தமிழில் பெரிய எழுத்தும் கிடையாது, சின்ன எழுத்தும் கிடையாது, மொழிபெயர்த்ததும் அந்த வேறுபாடு ஆவியாகிவிடும். இந்தச் செயலி அப்படிப்பட்ட சொற்களுக்குப் பச்சைக் கோடு போட்டு, தொட்டால் வரையறையைக் காட்டுகிறது. இதை யோசித்தவர் யாரோ, தமிழில் ஒப்பந்தம் படித்து அவதிப்பட்டவராக இருக்க வேண்டும்.

இரட்டைச் சொற்களையும் தயங்காமல் வெட்டுகிறது. "நல் அண்ட் வாய்ட்", "வில் அண்ட் டெஸ்டமென்ட்" என்று ஆங்கிலச் சட்டத்தில் ஒன்றையே இரண்டாகச் சொல்லும் பழக்கம் உண்டு. பிரான்சிலிருந்து நார்மன்காரர்கள் இங்கிலாந்துக்கு வந்த பிறகு அங்கே மக்கள் பேசியது ஆங்கிலம், நீதிமன்றம் வாதாடியது பிரெஞ்சு, பதிவேடு லத்தீன். 1362இல் ஒரு சட்டம் வந்தது: பிரெஞ்சு மக்களுக்குப் புரியவில்லை, இனி வழக்கை ஆங்கிலத்தில் வாதாடுங்கள் என்று. அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதி வைத்தார்கள். (புரியாத மொழியில் "புரிகிற மொழியில் பேசு" என்று உத்தரவு போடுவது அன்றே ஆரம்பித்துவிட்டது போல.) இந்த மூட்டை முடிச்சையெல்லாம் தமிழுக்குச் சுமந்து வருவதில் பயனில்லை, செயலி சுமக்கவும் இல்லை. சபாஷ்.

அப்புறம் ஜூரிகளுக்கான அறிவுரையைக் கொடுத்துப் பார்த்தேன். கலிஃபோர்னியாவில் சிவில் வழக்குகளில் ஜூரிகளுக்கு நீதிபதி வாசிக்கும் வாசகம் ஒன்று வெகுகாலம் இப்படி இருந்தது: நினைவுகூரத் தவறுதல் சகஜம், கபடமற்ற தவறான நினைவுகூரல் அசாதாரணமன்று. 2003இல் எளிய மொழியில் புதிய வாசகங்கள் வந்தபோது அது, மக்கள் பல நேரம் மறந்துவிடுகிறார்கள் அல்லது நினைவில் இருப்பதில் தவறு செய்கிறார்கள் என்று ஆனது. நான் பழைய ஆங்கிலத்தை மட்டும் ஒட்டினேன். செயலி தந்த தமிழ் கிட்டத்தட்ட அந்தப் புதிய வாசகம்தான், ஒரு சொல் கூடுதல் குறைவு. எளிமையாக்குவது என்பது சுற்றிவளைப்பை நேராக்குவது மட்டும்தான் என்றால் ஐந்துக்கு ஐந்து கொடுத்துவிட்டு எழுந்து போயிருப்பேன்.

ஆனால் சட்ட வாக்கியம் எப்போதும் சுற்றிவளைப்பினால் மட்டும் புரியாமல் போவதில்லை. சில நேரம் அதற்குள் உண்மையாகவே இரண்டு அர்த்தம் இருக்கும், அந்த இரண்டில் எது என்பதற்குத்தான் நீதிமன்றம் வரைக்கும் போவார்கள். அதனால் எனக்கு முடிவு தெரிந்த வழக்கு வாக்கியங்களாகப் பொறுக்கி ஒவ்வொன்றாக உள்ளே போட்டேன்.

முதலில் அந்தக் காற்புள்ளி. அமெரிக்காவில் மெய்ன் மாநிலச் சட்டம், சில வேலைகளுக்கு ஓவர்டைம் ஊதியம் கிடையாது என்று பட்டியல் போட்டிருந்தது: பதப்படுத்துதல், உறையவைத்தல், சேமித்தல் என்று போய்க் கடைசியில் "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்". ஷிப்மென்டுக்குப் பிறகு காற்புள்ளி இல்லை. ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் வண்டி ஓட்டுநர்கள் சொன்னார்கள்: இது அனுப்பவோ விநியோகிக்கவோ பொதி கட்டும் ஒரே வேலை, நாங்கள் பொதி கட்டுவதில்லை, விநியோகிக்கிறோம், ஆகவே எங்களுக்கு ஓவர்டைம் உண்டு. நிறுவனம் சொன்னது, இல்லை, பொதி கட்டுவது ஒன்று, விநியோகிப்பது இன்னொன்று. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாக்கியத்தில் தெளிவில்லை என்று சொல்லி ஓட்டுநர்கள் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. தீர்ப்புக்குப் பிறகு சட்டமன்றம் அந்தப் பட்டியலில் அரைப்புள்ளிகளைப் போட்டுத் திருத்தியது.

இதைத் தமிழில் எழுதிப் பாருங்கள். "அனுப்புவதற்காகவோ விநியோகிப்பதற்காகவோ பொதி கட்டுதல்" என்றால் ஓட்டுநர் ஜெயித்தார். "அனுப்புவதற்காகப் பொதி கட்டுதல், அல்லது விநியோகித்தல்" என்றால் நிறுவனம் ஜெயித்தது. நம் வேற்றுமை உருபும் ஓகாரமும் நடுவில் நிற்க விடாது, ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் நீதிபதிகள் பக்கம் பக்கமாக எழுதிச் செய்ததை மொழிபெயர்ப்பாளர் ஓர் உருபு போட்டுச் செய்துவிடுகிறார், யாரும் கவனிக்காமல். செயலி நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தது. சாயட்டும், எதிலாவது சாயத்தான் வேண்டும். "இந்த வரிக்கு இரண்டு பொருள் உண்டு" என்று ஒரு சின்னக் குறிப்பு போட்டிருக்கலாமே? சிவப்புக் கோடுகூட இல்லை. கேள்விப் பெட்டியில் போய் வேறு மாதிரியும் படிக்கலாமா என்று கேட்டால், "நல்ல கேள்வி!" என்று பாராட்டிவிட்டு இரண்டு பொருளையும் அழகாக விளக்குகிறது. தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஆளுக்குச் செயலி எதற்கு?

இதற்கு நேரெதிரான இடமும் உண்டு. 1967இல் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 242ஆம் தீர்மானம். இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டிய இடத்தைச் சொல்லும்போது ஆங்கில வாசகத்தில் "டெரிட்டரீஸ்" என்று மொட்டையாக இருக்கும், முன்னால் "தி" கிடையாது. பிரெஞ்சு வாசகத்தில், அந்த "தி"யையும் உள்ளடக்கியதாகப் படிக்கக்கூடிய "தே" என்ற சிறு சொல் இருக்கும். ஒன்றை வைத்து, எல்லாப் பகுதிகளும் என்று சொல்லவில்லை என்றும், மற்றொன்றை வைத்து, எல்லாம்தான் என்றும் அன்றிலிருந்து வாதம் நடக்கிறது. தமிழில் இந்த வம்பே இல்லை. "ஆக்கிரமித்த பகுதிகளிலிருந்து" என்றால் இரண்டுக்கும் பொருந்தும், நம் மொழியே குழப்பத்தை அப்படியே காப்பாற்றித் தருகிறது. செயலி என்ன செய்தது தெரியுமா, "அந்தப் பகுதிகள் அனைத்திலிருந்தும்" என்று எழுதியது. கேட்காத விளக்கம்.

இன்னொன்று எனக்கு உறுத்தியது, இது தமிழுக்கே உரியது. ஒரு குற்ற வழக்கின் சம்பவச் சுருக்கத்தைப் போட்டேன். மூலத்தில் புகார் கொடுத்தவரும் "ஹி", குற்றம் சாட்டப்பட்டவரும் "ஹி". தமிழில் புகார் கொடுத்தவர் "அவர் கூறினார்", குற்றம் சாட்டப்பட்டவர் "அவன் ஓடினான்". விசாரணை இன்னும் தொடங்கக்கூட இல்லை! தீர்ப்பு வரும் வரை நிரபராதி என்று சட்டம் சொல்வதை ஒரு னகர விகுதி தள்ளுபடி செய்துவிட்டது. செயலியை மட்டும் குறை சொல்வதும் நியாயம் இல்லை, செய்தி எழுதுகிறவர்கள் பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், அதைப் படித்துத்தான் அது கற்றிருக்கும். எழுதிக் கேட்டேன். ஆங்கிலத்தில் அச்சு வார்த்த பதில் ஒன்று வந்தது, உங்கள் கருத்து எங்களுக்கு விலைமதிப்பற்றது என்று. ஆனால் மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் எல்லாருக்கும் "அவர்" வந்திருந்தது. இதற்காக ஒரு நட்சத்திரம் கூட்டினேன்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் பக்கம்தான் எனக்குப் பயமாக இருந்தது. வாக்குமூலம், சாட்சி சொன்னது, போலீஸ் கேள்வி பதில் இதையெல்லாம் ஆங்கிலமாக்கித் தருவேன் என்கிறது. நானே ஒரு கேள்வி பதில் எழுதினேன். "நீங்கள் அன்று அங்கே போகவில்லை, அப்படித்தானே?" "ஆமாம்." தமிழில் இந்த ஆமாமுக்கு ஒரே பொருள்: போகவில்லை. செயலி கேள்வியையும் எதிர்மறையாக ஆங்கிலமாக்கி, கீழே வெறும் "யெஸ்" என்று போட்டது. ஆங்கிலத்தில் படிக்கிறவர் அதை, போனேன் என்று ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள முழு வாய்ப்பு உண்டு. நம் ஆட்கள் "ம்", "சரிங்க", "ஆமாங்க" என்று சொல்வதில் பாதி, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் போலீஸிடமும் நீதிமன்றத்திலும் இப்படி மரியாதைக்காகச் சொல்லும் ஆமாம்கள் எப்படி ஒப்புதலாக மாறிப்போகின்றன என்று டயானா ஈட்ஸ் என்ற மொழியியலாளர் ஆண்டுக்கணக்காக எழுதி வந்திருக்கிறார்.

அடுத்து, வக்கீல் கேட்பது. "வக்கீல்கிட்ட பேசினா நல்லதோன்னு தோணுது" என்று ஒரு வரி. செயலி அதை எளிமையாக்கி, எனக்கு வக்கீல் வேண்டும் என்று நிமிர்ந்து நிற்கும் ஆங்கில வாக்கியமாக்கியது. பார்க்க நல்ல காரியம் போல இருக்கும். ஆனால் 1994இல் டேவிஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், "ஒருவேளை நான் ஒரு வக்கீலிடம் பேச வேண்டுமோ" என்ற மாதிரி சொன்னது தெளிவான கோரிக்கை ஆகாது, ஆகவே விசாரணையை நிறுத்த வேண்டியதில்லை என்றது. அந்த "தோணுது"வில்தான் வழக்கே நிற்கிறது. பணிவாகப் பேசிப் பழகியவர்கள் உரிமையைக் கேட்கும்போதும் பணிவாகத்தான் கேட்பார்கள், அது கேட்டதாகவே கணக்கில் வராது. இது எனக்கு ஒப்பாத தீர்ப்பு. ஆனாலும் சொன்னவர் சொன்ன சொல்லை மொழிபெயர்ப்பவர் நிமிர்த்தி வைக்கக் கூடாது. எதிர்த் தரப்பு மூலத்தை எடுத்துக் காட்டினால் மொத்த மொழிபெயர்ப்பும் சந்தேகத்துக்குள்ளாகும்.

"போட்டுடு" என்பதையும் விடவில்லை. இரண்டு பேர், ஒருவன் கையில் துப்பாக்கி, எதிரே போலீஸ்காரர், மற்றவன் "போட்டுடுடா" என்கிறான் என்று எழுதினேன். துப்பாக்கியைக் கீழே போடு என்றும் கொள்ளலாம், ஆளைப் போட்டுவிடு என்றும் கொள்ளலாம். செயலி எந்தத் தயக்கமும் இல்லாமல் "கில் ஹிம்" என்றது. இது என் கற்பனை இல்லை, கிட்டத்தட்ட இதே வாக்கியத்துக்காக இங்கிலாந்தில் ஒரு 19 வயதுப் பையன் தூக்கில் தொங்கினான். (பார்த்தீர்களா, நானே "பையன்", "தொங்கினான்" என்கிறேன்.) டெரெக் பென்ட்லி, 1953 ஜனவரி. போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றது கூட இருந்த 16 வயது கிரெய்க். வயது குறைவு என்பதால் அவரைத் தூக்கில் போட முடியாது. பென்ட்லி "லெட் ஹிம் ஹேவ் இட்" என்று கத்தியதாகப் போலீஸ் சொன்னது. அவரிடம் கொடுத்துவிடு என்றும் ஆகும், சுடு என்றும் ஆகும். அப்படிச் சொல்லவே இல்லை என்றார்கள் இருவரும். பிற்பாடு மால்கம் கூல்ட்ஹார்ட் என்ற மொழியியலாளர் பென்ட்லியின் வாக்குமூலத்தை எடுத்துப் பார்த்தார். அவராகவே சொல்லச் சொல்ல எழுதியது என்று போலீஸ் சொன்ன அந்தத் தாளில் "ஐ தென்" என்று "தென்" பின்னால் வரும் தொடர் திரும்பத் திரும்ப வந்தது. சாதாரண ஆட்கள் பெரும்பாலும் "தென் ஐ" என்பார்கள், முந்தையது போலீஸ் அறிக்கைகளின் நடை. 1998இல் தண்டனைத் தீர்ப்பு ரத்தானது. பென்ட்லி இறந்து 45 ஆண்டு ஆகியிருந்தது.

"சாட்சிச் சுருக்கம்" என்று ஒரு வசதி இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். "வண்டி மேல பட்டுச்சு" என்று நான் எழுதியது சுருக்கத்தில் "மோதியது" ஆனது. 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் ஒரே விபத்துப் படங்களைக் காட்டிவிட்டு, கார்கள் என்ன வேகத்தில் போயின என்று வினைச்சொல்லை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். "நொறுங்க மோதியபோது" என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.8 மைல் என்றார்கள், "தொட்டபோது" என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல். பட்டதற்கும் மோதியதற்கும் நடுவில் எத்தனை மைல் என்று செயலியிடம் கேட்டால் தெரியாது.

விளம்பரத்தில் "நீதிமன்றத்திலும் கைகொடுக்கும்" என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். கொடுக்காது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு நீதிமன்ற மொழி புரியாவிட்டால் கட்டணமில்லாமல் மொழிபெயர்ப்பாளர் உதவி கிடைக்க வேண்டும் என்று குடிமை அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை 14ஆம் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறது. அந்த மொழிபெயர்ப்பாளர் "ஐயா, இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, சாட்சியிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று கையை உயர்த்தலாம். கை உயர்த்துவதுதான் அந்த வேலையில் பாதி.

கடைசியாக ஒரு குசும்பு செய்தேன். செயலியின் சொந்த நிபந்தனைகளை, நாம் எல்லாரும் படிக்காமல் "சம்மதம்" தட்டுகிறோமே அதை, அதற்குள்ளேயே போட்டேன். நிபந்தனைகள் ஆங்கிலத்தில் மட்டும்தான் இருக்கின்றன, சட்டத்தை எளிய தமிழில் தரும் நிறுவனத்துடையது! ஒரு பிரிவு, முரண்பாடு வந்தால் ஆங்கில வடிவமே செல்லும் என்கிறது. நியாயமான ஏற்பாடுதான், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வைத்தாங்கி ஒப்பந்தம் இருக்கிறது. 1840இல் நியூசிலாந்தில் பிரிட்டிஷ் அரசுக்கும் மாவோரிப் பழங்குடித் தலைவர்களுக்கும் இடையே ஆனது அது. ஆங்கில வாசகத்தை ஒரு பாதிரியாரும் அவர் மகனும் ஒரே இரவில் மாவோரியில் மொழிபெயர்த்தார்கள். ஆங்கிலத்தில் முழு இறையாண்மை, மாவோரியில் நிர்வாகம் என்கிற அளவுக்கு ஒரு சொல். தலைவர்களில் பெரும்பாலோர் கையெழுத்திட்டது மாவோரி வாசகத்தில். சண்டை இன்னும் ஓயவில்லை.

அதற்கு அடுத்த பிரிவு பொறுப்புத் துறப்பு. ஆங்கிலத்தில் "வீ". தமிழில் "நாங்கள்" என்றால் நிறுவனம், "நாம்" என்றால் நிறுவனமும் நானும். செயலி எழுதியது இது: "விளக்கத்தில் ஏற்படும் பிழைகளுக்கு நாம் பொறுப்பல்ல." என்னையும் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி, ஆனால் கையெழுத்துப் போடுகிறவன் நான் மட்டும்தானே. இதையும் எழுதி அனுப்பியிருக்கிறேன், அதே அச்சு வார்த்த பதில் வந்திருக்கிறது, திருத்தம் இன்னும் வரவில்லை.

சந்தாவைப் புதுப்பித்திருக்கிறேன். முதல் வாசிப்புக்கு, பச்சைக் கோட்டுக்கு, நீள வாக்கியத்தை உடைப்பதற்கு. "கூடாது", "லாம்", "வேண்டும்", "அல்லது" வரும் வரிகளை மூலத்தோடு நானே ஒப்பிடுகிறேன், ஒவ்வொன்றிலும் "வேறு மாதிரியும் படிக்கலாமா" என்று பெட்டியில் கேட்கிறேன், அந்தக் கேள்வியை ஒரு குறிப்பில் சேமித்து வைத்து ஒட்டுகிறேன். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் பக்கத்தைத் திறப்பதே இல்லை. ஐந்துக்கு மூன்று.